ஒரே குடும்பம், மூன்று கணக்கு: மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் சிகிச்சை

அக்காவுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மட்டும் போதும் என்றார்கள். எனக்கு அதை மட்டும் தனியாகக் கொடுத்தால் ஆபத்து என்றார்கள். சின்னம்மாவுக்கு எதையும் இப்போது புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றார்கள். மூவரும் ஒரே குடும்பம். மூவருக்கும் மாதவிடாய் நின்றுவிட்டது. மூவரும் கேட்டதும் ஒரே கேள்விதான்: ஹார்மோன் மருந்து எடுக்கலாமா, கூடாதா? இரண்டு வருடமாக இந்தக் கேள்வியோடு பலதுறை மருந்தகம், மருத்துவமனை என்று அலைந்தவள் நான். யாருக்கு, எந்த வயதில், எந்த வடிவில், எதற்காக என்று சேர்த்துக் கேட்டால்தான் இதற்குப் பதிலே கிடைக்கும் என்பது அந்த அலைச்சலில் புரிந்தது. நான் மருத்துவர் இல்லை, உயர்நிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். ஆனால் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நின்றிருக்கிறேன். அதே இடத்தில் இப்போது நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எனக்கு 51 வயதில் தொடங்கியது. சிங்கப்பூரில் வியர்ப்பதெல்லாம் ஒரு செய்தியா? காலை ஏழு மணிக்கு எம்ஆர்டி நிலையத்துக்கு நடந்தாலே முதுகு நனைந்துவிடும். அதனால் முதல் சில மாதங்கள் வெயிலின் மேல் பழி போட்டேன். ஆனால் இரவு இரண்டரை மணிக்கு, ஏர்கான் 23இல் ஓடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் கணவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு தூங்கும்போது, எனக்கு மட்டும் நெஞ்சிலிருந்து கிளம்பி முகம்வரை ஒரு வெக்கை குப்பென்று ஏறும். ஒரு நிமிடத்தில் நைட்டியின் முதுகுப் பக்கம் தொப்பலாக நனைந்துவிடும். அடுத்த ஐந்தாவது நிமிடம் குளிரெடுக்கும். எழுந்து உடை மாற்றி, தலையணைமேல் துண்டை விரித்துப் படுத்தால் நான்கு மணிக்கு மறுபடியும் அதே கதை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் எண்ணி எழுத ஆரம்பித்தேன். பகலில் எட்டு, இரவில் நான்கு. ஒரு மாதத்துக்கு இந்தக் கணக்கு பெரிதாக மாறவே இல்லை. பிறகு டாக்டர் முதலில் கேட்டு வாங்கிப் பார்த்ததும் அந்த நோட்டைத்தான்.

அம்மாவுக்கும் இது இருந்திருக்க வேண்டும். அடுப்படியில் நின்று முந்தானையால் விசிறிக்கொண்டே, "எனக்குச் சூட்டு உடம்பும்மா" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். நம் பெண்கள் இதைச் சொல்லாமல் விழுங்குவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு வலிக்கிறது. இந்தத் திடீர் வெக்கை ஆறு மாதத்தில் ஓடிவிடும் என்று பலரும் நினைக்கிறோம். அமெரிக்காவில் பல இனப் பெண்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த 'ஸ்வான்' ஆய்வில், அடிக்கடி வெக்கை வந்த பெண்களுக்கு அது நீடித்த காலத்தின் இடைநிலை 7.4 ஆண்டு. வேலை, வீடு, வயதான பெற்றோர் என்று எல்லாம் ஒன்றாக அழுத்துகிற பருவத்தில் ஏழு வருடம் தூக்கமில்லாமல் கிடப்பதைப் 'பொறுத்துக்கொள்ள வேண்டியது' என்று சொல்ல என்னால் முடியவில்லை.

இன்னொன்றும் நம் ஊர்ப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, நடுவயதுச் சிங்கப்பூர்ப் பெண்களிடம் நடத்திய ஆய்வில் அதிகம் பேரை வாட்டியதாகத் தெரிந்தது வெக்கை இல்லை, மூட்டு வலியும் தசை வலியும்தான். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது மிதமாகவோ கடுமையாகவோ இருந்தது. காலையில் விரல்களை மடக்க முடியாமல் நான் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த மாதங்களில், அதற்கும் மாதவிடாய் நின்றதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை.

2002இல் பிடித்த பயம்

ஹார்மோன் என்றதும் நம்மில் பலர் சொல்லும் முதல் வார்த்தை 'கேன்சர்'. அந்தப் பயத்துக்குப் பிறந்த தேதி உண்டு. 'பெண்கள் நல முன்முயற்சி' என்ற பெரிய அமெரிக்க ஆய்வின் ஒரு பகுதியை 2002 ஜூலையில் பாதியிலேயே நிறுத்தினார்கள். கருப்பை உள்ள 16,608 பெண்களில் ஒரு பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் கருப்பையின் உட்சுவரைக் காக்கும் செயற்கைப் புரோஜெஸ்டினும் கலந்த மாத்திரை, மறுபாதிக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. ஏறக்குறைய ஐந்து ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். மருந்து எடுத்த 10,000 பெண்களில் ஓராண்டில் கூடுதலாக 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய், 8 பேருக்குப் பக்கவாதம், 8 பேருக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி, 7 பேருக்கு இதய நோய். அதே 10,000 பேரில் பெருங்குடல் புற்றுநோய் 6 குறைந்தது, இடுப்பெலும்பு முறிவு 5 குறைந்தது. உலகம் முழுக்கச் செய்தியானது முதல் பாதி மட்டும்தான். கூடியதைச் சொன்ன வேகத்தில் குறைந்ததை யாரும் சொல்லவில்லை. அடுத்த சில மாதங்களில் பெண்கள் கூட்டம் கூட்டமாக மருந்தை நிறுத்தினார்கள்.

அந்த எண்கள் பொய்யில்லை. ஆனால் அந்தப் பெண்கள் யார் என்று பார்க்க வேண்டும். 50 முதல் 79 வயதுவரை உள்ளவர்கள், சராசரி 63. பெரும்பாலோருக்கு மாதவிடாய் நின்று பத்து வருடம் தாண்டியிருந்தது. வெக்கையைத் தணிப்பதற்காக நடந்த ஆய்வும் இல்லை அது. வயதான பெண்களுக்கு இதய நோய் வராமல் ஹார்மோன் காக்குமா என்று பார்க்க நடந்தது. 63 வயது ரத்தக் குழாய்க்கு வந்த ஆபத்தை 51 வயது ரத்தக் குழாயின் மேல் அப்படியே ஏற்றிச் சொன்னதுதான் கோளாறு. பின்னால் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, மாதவிடாய் நின்ற பத்து ஆண்டுக்குள், 60 வயதுக்குள் தொடங்கியவர்களின் கணக்கு வேறாக இருந்தது. மொத்தம் 18 ஆண்டு பின்தொடர்ந்து 2017இல் வெளியிட்ட முடிவில், மருந்து எடுத்தவர்களில் இறந்தவர்கள் 27.1 விழுக்காடு, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 27.6 விழுக்காடு. வித்தியாசமே இல்லை என்று அர்த்தம்.

இன்று பெரிய மருத்துவச் சங்கங்கள் சொல்வது இந்த இடத்துக்கு வந்து நிற்கிறது: 60 வயதுக்கு உட்பட்டவர், நின்று பத்து ஆண்டுக்குள் இருப்பவர், தொந்தரவு உண்மையிலேயே வாட்டுகிறது, தடை சொல்லும் நோய் எதுவும் இல்லை என்றால் நன்மையின் தட்டு கனம். அதைத் தாண்டித் தொடங்கினால் தட்டு மெல்ல மறுபக்கம் சாயத் தொடங்கும்.

அக்கா நிறுத்திய மருந்து

அக்காவுக்கு 43 வயதில் கட்டிகளுக்காகக் கருப்பையையும் இரண்டு சூலகங்களையும் எடுத்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு வருடக்கணக்கில் மெதுவாகக் குறையும் ஹார்மோன் அவளுக்கு ஒரே நாளில் நின்றது. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் போட்டாள். உறவுக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஏதோ அனுப்பி வைத்தார். "எனக்கு எதுக்குடி இந்த வம்பு?" என்று தானாகவே நிறுத்திவிட்டாள். 46 வயதில் எடுத்த ஸ்கேனில் எலும்பின் அடர்த்தி நன்றாகவே குறைந்திருந்தது.

அவளுடைய பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். யாரும் அவளுக்குப் பிரித்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இயல்பாக நிற்கும் வயது சிங்கப்பூரில் ஏறத்தாழ 49, 50. இந்தியாவில் செய்த பல ஆய்வுகள் 46, 47 என்கின்றன. 45க்கு முன்பே, அதிலும் 40க்கு முன்பே நின்றுவிட்டால், ஹார்மோன் கொடுப்பது உடம்பில் இருந்திருக்க வேண்டியதைத் திரும்ப வைப்பது போன்றது. எந்தத் தடையும் இல்லையென்றால் இயல்பாக நிற்கும் வயதுவரையாவது எடுக்கும்படிதான் சொல்கிறார்கள். எடுக்காவிட்டால் எலும்புக்கும் இதயத்துக்கும் விலை கொடுக்க வேண்டியிருக்கும். 63 வயதுப் பெண்களின் எண்ணைக் கேட்டு 43 வயதுப் பெண் மருந்தை நிறுத்துவதுபோல ஒரு வீண் இழப்பு கிடையாது.

இன்னொரு சலுகையும் அவளுக்கு இருந்தது. கருப்பை இல்லாததால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். அதே அமெரிக்க ஆய்வின் இன்னொரு பகுதியில், கருப்பை எடுத்த 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் கூடியதால் அதையும் 2004இல் நிறுத்தினார்கள். ஆனால் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. 2020இல் வெளியான நீண்டகாலக் கணக்கில் அது குறைந்தே இருந்தது. அக்கா திரும்பத் தொடங்கினாள். இப்போது 54 வயது. தோலில் ஒட்டும் பட்டையில் இருக்கிறாள். வருடத்துக்கு ஒருமுறை தொடர வேண்டுமா என்று பேசி முடிவெடுக்கிறார்கள்.

மாத்திரையா, ஜெல்லா? நான் போட்ட கணக்கு

எனக்குக் கருப்பை இருக்கிறது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் அதன் உட்சுவர் தடித்துக்கொண்டே போய்ப் புற்றுநோயில் முடியலாம். 1975லேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே அந்தச் சுவரைக் காக்கப் புரோஜெஸ்டரோன் வகை மருந்தும் கூடவே வேண்டும். மார்பகப் புற்றுநோய்ச் சிக்கலும் பெரும்பாலும் இந்த இரண்டாவது மருந்தோடுதான் வருகிறது. ஒரு பக்கம் காப்பதற்கு மறுபக்கம் கொஞ்சம் விலை.

டாக்டர் முதலில் பார்த்தது என் மற்ற எண்களை. ரத்த அழுத்தம் மேல்வரம்பில், சர்க்கரை எல்லைக்கோட்டில், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கொஞ்சம் அதிகம். இந்த மூன்றும் சிங்கப்பூர் இந்தியர்கள் வீட்டில் புதிதில்லை. நீரிழிவு நம் சமூகத்தில் மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பதைத் தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்புகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எனவே ஈஸ்ட்ரோஜன் உள்ளே போகும் வழி எனக்கு முக்கியமாகிவிட்டது. விழுங்கும் மாத்திரை குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ரத்தம் உறையவைக்கும் பொருள்களைக் கூட்டுகிறது, டிரைகிளிசரைடையும் ஏற்றுகிறது. தோல்வழி போகும் ஜெல்லும் பட்டையும் கல்லீரலை முதலில் தொடாமல் ரத்தத்தில் கலந்துவிடுகின்றன. பிரான்ஸிலும் பிரிட்டனிலும் செய்த ஆய்வுகளில், மாத்திரை எடுத்தவர்களுக்குக் கூடிய ரத்தக்கட்டி ஆபத்து தோல்வழி எடுத்தவர்களுக்குக் கூடியதாகத் தெரியவில்லை. பக்கவாதத்திலும் குறைந்த அளவுப் பட்டைக்கு அதே நல்ல பெயர். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவை மக்களைப் பின்தொடர்ந்து கவனித்த ஆய்வுகள், குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்துச் செய்த சோதனைகள் இல்லை. இருந்தாலும் சர்க்கரை, அழுத்தம், உடல் பருமன் என்று ஏதாவது ஒன்று இருக்கிற நம் பெண்களுக்கு, மாத்திரைக்கு முன்னால் ஜெல்லைப் பற்றிக் கேளுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மாத்திரையின் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. எளிது, பையில் போட்டுக்கொண்டு போகலாம், மறக்காது. எடை சரியாக, அழுத்தம் சரியாக இருக்கும் 50 வயதுப் பெண்ணுக்கு ரத்தக்கட்டி வரும் வாய்ப்பே மிகக் குறைவு என்பதால் அது கொஞ்சம் கூடினாலும் குறைவாகவே இருக்கும். என் தோழி ஒருத்திக்குப் பட்டை ஒட்டிய இடமெல்லாம் சிவந்து தடித்தது. இந்த ஊர் ஈரத்தில் பட்டை உரிந்து வருவதும் உண்டு. அவள் மாத்திரைக்கு மாறி நிம்மதியாக இருக்கிறாள்.

ஜெல் எப்படி என்று பலர் கேட்கிறார்கள். குளித்து, துடைத்து, உடம்பு நன்றாகக் காய்ந்தபின் குப்பியின் தலையை ஒருமுறை அழுத்தினால் அளவாக வரும். தண்ணீர்போலக் குளிர்ச்சியாக இருக்கும், மெல்லிய சாராய நெடி. அதை மேல்கையிலோ தொடையிலோ பரவலாகத் தடவ வேண்டும். மார்பில் தடவக் கூடாது. சில நிமிடத்தில் காய்ந்துவிடும். அதுவரை உடை போடாமல் நிற்க வேண்டும். தடவிய இடத்தைக் குழந்தைகள் தொடக் கூடாது. பேரப்பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டே வீட்டு வேலை செய்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தொடையில் தடவுவது உத்தமம்.

இரண்டாவது மருந்தில்தான் எனக்குக் குழப்பம் அதிகம் இருந்தது. 2002 ஆய்வில் கொடுத்தது செயற்கைப் புரோஜெஸ்டின். இப்போது உடம்பில் சுரப்பதைப் போன்ற அமைப்பிலேயே நுண்துகளாக்கிய புரோஜெஸ்டரோன் கிடைக்கிறது. பெரும்பாலும் பள்ளி ஆசிரியைகளைக் கொண்ட 80,000க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், முதல் சில ஆண்டுகளுக்கு இதன் மார்பக ஆபத்து செயற்கை வகைகளைவிடக் குறைவாகத் தெரிந்தது. இதைப் போட்டால் தூக்கம் வரும் என்பதால் இரவில் போடச் சொல்கிறார்கள். தூக்கம் கெட்டுத் தவித்த எனக்கு அதுவும் ஒரு லாபம். இது வரும் மென்கேப்சூலின் உறை ஜெலட்டின் என்பதால், சைவம் உண்பவர்களும் முஸ்லிம் சகோதரிகளும் மருந்தாளரிடம் அதன் மூலத்தைக் கேட்டுவிடுவது நல்லது. அதேபோல் குதிரை ஈஸ்ட்ரோஜன் மாத்திரை என்று ஒன்று உண்டு. அது கருவுற்ற குதிரையின் சிறுநீரிலிருந்து எடுப்பது. 2002 ஆய்வில் கொடுத்ததும் அந்த வகைதான். வேண்டாம் என்றால் மாற்று இருக்கிறது.

எந்த முறையில் எடுப்பது என்பதும் நம் வீடுகளில் சின்ன விஷயம் இல்லை. மாதவிடாய் நின்று ஓராண்டு ஆகாதவர்களுக்குப் புரோஜெஸ்டரோனை மாதத்தில் பாதி நாள் மட்டும் கொடுப்பார்கள். அப்போது மாதாமாதம் ரத்தப்போக்கு திரும்ப வரும். கோயிலுக்கும் விரதத்துக்கும் நாள் பார்க்கிறவர்களுக்கு, நோன்பும் தொழுகையும் உள்ளவர்களுக்கு, "அப்பாடா, இனி இல்லை" என்று நிம்மதியான பின் அது திரும்புவது பெரிய தொல்லை. ஓராண்டு தாண்டியவர்கள் தினமும் எடுக்கும் முறைக்குப் போகலாம். முதல் சில மாதம் திட்டுத் திட்டாகப் பட்டுப் பிறகு நிற்கும். ஆறு மாதத்துக்குப் பிறகும் பட்டால், அல்லது மருந்தே எடுக்காதவருக்கு நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு பட்டாலும், அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். இதில் வெட்கப்பட்டுத் தள்ளிப்போடுவது வேண்டாம், தயவுசெய்து.

இனி மார்பகம். இதுதான் என் இரவுகளைத் தின்றது. 2019இல் 'லான்செட்' இதழில், உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி ஒரு கணக்கு வந்தது. மேற்கத்திய நாட்டு விகிதப்படி, ஹார்மோனே எடுக்காத 100 பெண்களில் 50க்கும் 69க்கும் இடையில் 6.3 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரும். 50 வயதில் தொடங்கி ஐந்து ஆண்டு இரண்டு மருந்தையும் தினமும் எடுத்தால் அது 8.3 ஆகும். அதாவது ஐம்பது பேரில் ஒருவருக்குக் கூடுதலாக. ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தால் 6.8. அமெரிக்க ஆய்வு ஈஸ்ட்ரோஜனால் குறைகிறது என்றது, இது சிறிது கூடுகிறது என்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

ஐம்பதில் ஒன்று எனக்குப் பெரிதா, சிறிதா? நான் அதை வகுப்பறையாக நினைத்துப் பார்த்தேன். என் பள்ளியின் கூடத்தில் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அதில் ஒருத்திக்கு இந்த மருந்தால் வரும். ஒருத்தி என்பது எண் இல்லை, ஒரு வீட்டின் அம்மா. ஆனால் அதே கூடத்தில் தூக்கமில்லாமல் ஏழு வருடம் கிடப்பவர்கள் எத்தனை பேர் என்றும் நினைத்தேன். ஈஸ்ட்ரோஜன், வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் வெக்கை வரும் எண்ணிக்கையை ஏறத்தாழ 75 விழுக்காடு குறைக்கிறது. வெக்கைக்கு இதைவிட நன்றாகக் கேட்கும் மருந்து வேறு இல்லை. என் அம்மா வழியிலும் அப்பா வழியிலும் மார்பகப் புற்றுநோய் இல்லை. சிங்கப்பூர்ப் பெண்களில் 13 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் அது வரும் என்பதால் குடும்பத்தில் இல்லை என்று நிம்மதியாக உட்காரவும் முடியாது. எனவே மாமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுத்துவிட்டு ஜெல்லைத் தொடங்குவது, தேவைக்குக் குறைந்த அளவு, ஒவ்வொரு ஆண்டும் மறுபரிசீலனை, மூன்று நான்கு ஆண்டில் குறைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். நிறுத்தினால் பாதிப் பேருக்கு வெக்கை திரும்பலாம் என்பதும் தெரிந்தே எடுத்த முடிவு. 50 வயதுக்கு மேல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாமோகிராம் எடுக்கும் திட்டம் இங்கே 2002 முதலே இருக்கிறது. ஹார்மோன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் போய்விட்டு வாருங்கள்.

வறட்சி மட்டும்தான் தொந்தரவு என்றால்

உறவின்போது வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு, சிறுநீர் அவசரம். பெண்களுக்குள்ளேயே மெதுவாகப் பேசும் இந்தத் தொந்தரவுக்கு உடம்பு முழுக்கப் போகும் ஹார்மோன் தேவையே இல்லை. பிறப்புறுப்பில் வைக்கும் சின்ன ஈஸ்ட்ரோஜன் மாத்திரையோ கிரீமோ போதும். 10 மைக்ரோகிராம் மாத்திரையை முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை வைத்தால், முதல் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து 1.14 மில்லிகிராம்தான் ஆகிறது. வாய்வழி போடும் 1 மில்லிகிராம் மாத்திரையில் ஒரே ஒரு நாள் அளவு. ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம், கூடவே புரோஜெஸ்டரோனும் பொதுவாக வேண்டாம். வெக்கைபோல இது தானாகப் போகாது, வருடம் போகப் போகக் கூடும். இருந்தும் பெட்டிக்குள் இருக்கும் தாளில் பக்கவாதம், புற்றுநோய் என்று மாத்திரைக்கு எழுதிய எச்சரிக்கையையே இதற்கும் அச்சடித்து வைத்திருந்ததால் எத்தனையோ பேர் திறக்காமலே தூக்கிப் போட்டிருக்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஹார்மோன் மருந்துகளின் மேலுள்ள கட்டமிட்ட எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்கப்போவதாக 2025 நவம்பரில்தான் அறிவித்தது. மொத்த ஒப்பீட்டிலும் மிகக் குறைந்த ஆபத்துக்கு மிகப் பெரிய நிம்மதி தருவது இதுதான் என்பது என் எண்ணம்.

ஹார்மோனே கூடாதவர்கள்

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டி, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள். என் பக்கத்துப் புளோக் தோழிக்கு 48 வயதில் மார்பகப் புற்றுநோய் குணமானது. நோய் திரும்பாமலிருக்க டமாக்சிஃபென் என்ற மருந்து எடுக்கிறாள், அது வெக்கையை இன்னும் கூட்டுகிறது. என்னைப் பார்த்து அவளும் ஜெல் கேட்டாள். சுவீடனில் அப்படிப்பட்டவர்களுக்கு ஹார்மோன் கொடுத்துப் பார்த்த சோதனையை, நோய் திரும்புவது கூடியதால் 2004க்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு வென்லஃபாக்சின் கொடுத்தார்கள். மனச்சோர்வுக்குக் கொடுப்பது, குறைந்த அளவில் வெக்கைக்கும் கேட்கும். இதே வகையில் பாராக்சிடினும் உண்டு, ஆனால் அது டமாக்சிஃபென் உடம்பில் வேலை செய்வதைத் தடுக்கும் என்பதால் அவளுக்கு ஆகாது. இரவு வியர்வைக்குக் கபபென்டின் என்ற மருந்து, எண்ணங்களைக் கையாளப் பழக்கும் உளவியல் சிகிச்சை, எடைக் குறைப்பு, இவற்றுக்கெல்லாம் ஆதாரம் இருக்கிறது. 2023இல் அமெரிக்காவில் அனுமதித்த ஃபெசோலினெடன்ட் என்ற மருந்து ஹார்மோன் இல்லாமலே மூளையில் சூட்டைக் கட்டுப்படுத்தும் இடத்தில் வேலை செய்கிறது. கல்லீரலைப் பாதிக்கலாம் என்பதால் இடையிடையே ரத்தப் பரிசோதனை தேவை.

தேக்காவில் (லிட்டில் இந்தியா) நாட்டு மருந்துக் கடைகளில் தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி வாங்குகிறோம், சோயா மாத்திரை வாங்குகிறோம். நானும் ஆறு வாரம் பாலில் கலந்து குடித்தேன். ஒரு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்: வெக்கைக்கான சோதனைகளில் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கே எண்ணிக்கை பாதிக்குமேல், ஏறத்தாழ 58 விழுக்காடு, குறைந்திருக்கிறது. ஆகவே பொடியால் குறைந்ததா, தானாகக் குறைந்ததா என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது. உணவாகச் சாப்பிடுவதில் தவறில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் டாக்டரிடம் சொல்லாமல் தொடாதீர்கள். இணையத்தில் வரும் 'மூலிகை' மூட்டு வலி மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை பிடித்து எச்சரித்திருக்கிறது. மாதவிடாய் நின்றபின் வரும் மூட்டு வலிக்கு அவற்றை வாங்குவதை நினைத்தால்தான் எனக்கு மிகவும் பயம்.

சின்னம்மா

சின்னம்மாவுக்கு 66. நாங்கள் இருவரும் எடுப்பதைப் பார்த்து, "எனக்கும் எலும்புக்கு அந்த ஜெல்லை வாங்கிக் குடும்மா" என்றார். நின்று 18 வருடம் ஆகிவிட்டது. அந்த அமெரிக்க ஆய்வில் 65ஐத் தாண்டிய பெண்களுக்கு இரண்டு மருந்தும் கொடுத்தபோது மறதி நோய் இரட்டிப்பானது. ஆண்டுக்கு 10,000 பேரில் 22 என்றிருந்தது 45 ஆனது. ஹார்மோன் எலும்பைக் காக்கும் என்பது உண்மை, ஆனால் எடுக்கும்வரைதான் காக்கும். எலும்புக்கென்றே வேறு மருந்துகள் இருக்கும்போது 66 வயதில் இந்த ஆபத்தைச் சுமக்கத் தேவையில்லை.

டாக்டர் ஒரு சின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தார், ஆசியப் பெண்களுக்காக உருவாக்கியது. வயதிலிருந்து எடையைக் கழிக்க வேண்டும். 20க்கு மேல் வந்தால் எலும்புத் தேய்மான ஆபத்து அதிகம், ஸ்கேன் எடுக்க வேண்டும். 0 முதல் 20வரை நடுத்தரம், 0க்குக் கீழே குறைவு. சின்னம்மா 44 கிலோ. 66இல் 44 போனால் 22. தேய்மானம் உறுதியானால் பெரும்பாலும் வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட் மாத்திரை. வெறும் வயிற்றில் ஒரு குவளை வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து உட்கார வேண்டும். எழுந்ததும் காப்பி குடிக்காமல் இருக்க முடியாதவர் சின்னம்மா. அந்த அரை மணி நேரம்தான் அவருக்கு இப்போது பெரிய கவலை.

ஸ்கேன் அடுத்த வியாழக்கிழமை, பத்தே கால் மணிக்கு. நான்தான் கூட்டிப்போகிறேன். பையில் என் நோட்டும் இருக்கும். எட்டு வாரத்தில் பகல் எட்டு ஒன்றாகி, இரவு நான்கு பல நாள் பூஜ்யமாகியிருக்கிறது. அதே வழியில் டாக்டரிடம் காட்டிவிட்டு வர வேண்டும்.